சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

எங்கள் தெருச் சங்கம் புதிதாக ஓர் அமரர் ஊர்தி வாங்கியிருக்கிறது. பேட்டரியில் ஓடுவது. தண்டையார்பேட்டையில் அதை நிறுத்தி மாலை போட்ட அன்று என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பழைய வண்டியை அது காயலான் கடைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஏழுமலை என்ற மரியாதை. புது வண்டியை ஓட்டிவந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“பெருசு, இதுல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. உனுக்கு இங்க வேலையே இல்ல” என்றான்.

சாவியைத் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பி அணைத்தான். அப்போதும் சத்தமில்லை. எது ஓட்டம், எது நிற்றல் என்று எனக்குப் புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. “பிளக்குல அப்டி இன்னா கீது, நீங்கள்லாம் அத்த பத்தியே பேசிக்கினு கீறீங்கோ?” என்று அங்கிருந்த இன்னொருவன் கேட்டான். அன்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான்கு பேர் நடுவில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற கதையைச் சுருக்கிவிடுகிறேன். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, பட்டறை ஒத்துவந்தது. பட்டறை காதர் பாயுடையது. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டித் தகரம் போட்ட இடம். மனிதர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பு நடந்தால் எழுந்துபோய் ரேடியோவை அணைப்பார். அவ்வளவுதான். பாட்டு நின்ற மறுகணம் நாங்கள் எல்லோரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, மாட்டியது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

பிளக் கழற்றுவதற்கு அவர் வைத்திருந்த முறையை நான் கடைசிவரை மாற்றவில்லை. எஞ்சின் ஆறும்வரை கை வைக்கக் கூடாது. சூட்டோடு திருகினால் அலுமினியத்தில் இருக்கும் மரை பிளக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், பிறகு வண்டி நகராது. பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் ஊதித் தள்ள வேண்டும். கழற்றியதை எந்த சிலிண்டரிலிருந்து எடுத்தோமோ அந்த வரிசையில் அவருடைய வெள்ளைக் கைக்குட்டைமேல் படுக்க வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. துடைக்கவே கூடாது.

“தொடைக்காத நைனா. உள்ள இன்னா நடந்துச்சுன்னு பாத்த சாட்சி அது ஒண்ணுதான். சாட்சியோட வாயத் தொடைச்சிட்டு அப்பாலிக்கா இன்னாத்த கேக்கப் போற?” என்பார்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போவார். மெதுவாக உருட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். கரி படிந்து கறுத்திருந்தால் பிளக் போதிய சூடு ஏறாமல் இருக்கிறது, பெட்ரோல் பாதி எரியாமல் வீணாகிறது. வெளுத்துப் போயிருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இந்த மூன்று நிறத்தையும் வைத்து அவர் சொன்னது பொய்த்து நான் பார்க்கவில்லை.

கேட்டவனுக்காகப் பிளக்கின் உள்விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி அதன் நுனியில்தான் தெறிக்கும். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், அதற்கு வெளியே இரும்பு உறை. பீங்கானின் மூக்கு எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கு நீளமாக இருந்தால் நுனியில் ஏறும் சூடு இரும்புக்கு வந்துசேர நெடுந்தூரம் வர வேண்டும். அதனால் நுனி கனன்றுகொண்டே இருக்கும், படியும் கரியைத் தானே எரித்துவிடும். அது சூட்டு பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு உடனே இறங்கிவிடும். அது குளிர்ந்த பிளக். மாட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்று எஞ்சினைக் காப்பாற்றும் இடத்தில் மற்றது கொன்றுவிடும்.

சங்கத்தின் பழைய வண்டி ஒரு சின்ன பெட்ரோல் வேன். டிரைவர் தாஸ். கறுப்பாக, ஒல்லியாக, பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடக்கூடிய ஆள். அந்த வேன் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் மேளம், ஆட்டம், பூ, பட்டாசு. வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். அப்படி ஊர்ந்தால் எந்தப் பிளக்கும் சூடு ஏறாமல் கரி பிடித்துவிடும். பாதி வழியில் எஞ்சின் செத்து, சாவு வீட்டுக்காரர்களே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன கூத்தெல்லாம் நடந்தது. காதர் பாய் யோசித்து நீள மூக்கு பிளக் மூன்றை மாட்டினார். அதன் பிறகு வண்டி வழியில் நின்றதே இல்லை.

நிற்க வேண்டிய இடத்திலும் நிற்கவில்லை என்பதுதான் விஷயம். சுடுகாட்டு வாசலில் தாஸ் சாவியை அணைப்பான். எஞ்சின் உடனே அடங்காமல் குடுகுடுவென்று இன்னும் கொஞ்சம் உதறிக்கொண்டு ஓடும். சாவி பொறியை மட்டும்தான் நிறுத்தும். அந்தப் பழைய வண்டியில் பெட்ரோலை அடைக்கும் பாகம் எப்போதோ கெட்டுக் கழற்றப்பட்டிருந்தது. பிளக்கின் நுனி கனன்றுகொண்டிருந்தால் பொறி எதற்கு? உள்ளே வரும் பெட்ரோலை அந்தக் கனலே பற்றவைத்துவிடும்.

எனக்கும் பாய்க்கும் இது தெரியும். தெருவுக்குத் தெரியாது. ஒருநாள் மூத்த மகன் ஒருவன், அப்பா படுத்திருந்த வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து, “போதும் நைனா, எறங்கு” என்றான். எஞ்சின் அப்போதே நின்றது. அடுத்த சாவுக்கு வந்தவன் அதையே செய்தான். அதற்கடுத்தவனும் செய்தான். ஒரு சாவு போதும், எங்கள் பக்கம் வழக்கம் உண்டாகிவிடும். வாசலில் சாவியை எடுத்ததும் மேளம் அடங்கும். நெருங்கிய சொந்தம் ஒருவர் வண்டிமேல் கை வைத்துப் பேசுவார். எஞ்சின் நின்ற பிறகுதான் உடலை இறக்குவார்கள். நான் ஓரமாக நின்று பீங்கான் மூக்கை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

யானைக்கவுனியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சி இறந்தபோது அந்தச் சிரிப்பு போயிற்று. உடலைத் திருநெல்வேலி தாண்டி சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஊர்வதற்கென்று மாட்டிய பிளக்கோடு தாஸ் அவ்வளவு தூரத்தையும் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டான். போய்த் திரும்பி வந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்தான். சாவியை மேசைமேல் வைத்தான். பெஞ்சில் உட்காரவில்லை.

“அண்ணாச்சி வூட்டாண்ட நிறுத்தி சாவிய எடுத்தேன் பாய். நிக்கல. வழக்கமா உதறுமே, அப்டி இல்ல. முழு ஓட்டம் ஓடுது. அவரு சம்சாரம் ஓடியாந்து வண்டில சாஞ்சிக்கினு, ‘யாரும் தொடாதீய, அவியளுக்கு எறங்க மனசில்ல’ன்னு சொல்ட்டாங்கோ. அப்பறம் ஒக்காந்து அவராண்ட பேசுறாங்கோ பாய். கடை, புள்ளைங்க, கடன்காரன், எல்லாத்தையும் சொல்றாங்கோ. வண்டி ஓடிக்கினே கீது. கியர போட்டு கிளச்ச வுட்டேன். வண்டி ஒரு குதி குதிச்சு அடங்கிடுச்சு. உள்ள அவரு கை துணிய வுட்டு வெளிய வந்து கண்ணாடிய தட்டுச்சு.”

பிறகு கேட்டான்.

“சாவி என் கையில கீது. அப்போ ஓட்டினது யாரு பாய்?”

பாய் வண்டியை வெயிலில் நிறுத்தி நன்றாகச் சூடேறும்வரை உறுமவிடச் சொன்னார். சாவியை அணைக்கச் சொன்னார். ஓடியது. பாய் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார். டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த எஞ்சினில் பிளக்கிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாகப் போடச் சொன்னார். பிடுங்கினேன். மூன்றும் என் காலடியில் கிடந்தன, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் எல்லாம் தெரிந்தவன்தான் நான். பட்டப்பகலில், பக்கத்தில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். பாய் கார்புரேட்டரின் காற்று இழுக்கும் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். எஞ்சின் இரண்டு முறை திமிறி அடங்கியது. யாருடைய மூக்கையோ பொத்திய மாதிரி இருந்தது எனக்கு.

ஆறிய பிறகு கழற்றினோம். மூன்று நுனியும் சுண்ணாம்பாக வெளுத்து, கம்பி ஓரம் உருகியிருந்தது.

“வெந்துட்சு பாரு. பொறி வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கினு கீது. மேல ஏறி வர்ற பிஸ்டன எதுத்து அடிச்சிருக்கு. பெட்ரோலும் தெண்டம், எஞ்சினும் தெண்டம். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தா பிஸ்டன் ஓட்டையாயிருக்கும்” என்றார் பாய். அன்றே குட்டை மூக்கு பிளக்கை மாட்டினார். ஊர்வலத்தில் நிற்கும் இடமெல்லாம் ஆக்சிலேட்டரை உறுமவிட்டுக் கரியைத் தள்ளும்படி தாஸிடம் சொன்னார். தாஸ் சாவியை எடுத்துக்கொண்டு போனான். வண்டி தொலைதூரம் போய்வந்தது, பெட்ரோல் முன்னைவிடக் குறைவாகக் குடித்தது, அணைத்தால் அந்த நொடியே நின்றது. பட்டறையில் எங்களுக்கு ஏகத் திருப்தி.

தெருவுக்குத் திருப்தியில்லை. அடுத்த தெரு கிழவர் ஒருவர் அண்ணனைப் புதைத்துவிட்டு என்னைத் தேடி வந்தார். “எங்கண்ணன் ஒண்ணுமே சொல்லல ஏயுமல. வண்டி டக்குனு நின்னுட்சு” என்றார். நான் புத்திசாலித்தனமாக நீள மூக்கு, குட்டை மூக்கு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ இத்தினி நாளா நாங்க பேசிக்கினு இருந்தது பிளக்காண்டயா?” என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகா அன்று பூராவும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் துறைமுகத்துப் பக்கம் மிளகாய்க் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை செய்தவள். நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க எதையாவது சுவாசித்துவிட்டு வந்து இரவில் மாறி மாறி இருமுவோம். என் இருமல் நின்றது, அவளுடையது நிற்கவில்லை. நுரையீரல் பாதி போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

“அந்த பழைய பிளக்கு கீதா உன்னாண்ட?”

“எதுக்கு?”

“நான் போறப்போ அத்த மாட்டு. உசுரோட கீறப்போ பொம்பளைங்கள தெரு முனையாண்டயே நிறுத்திடுறீங்கோ. எங்கப்பன் போனப்பவும் நின்னேன், எங்கம்மா போனப்பவும் நின்னேன். செத்தாத்தான் அந்த கேட்டாண்ட நான் வர முடியும். வந்ததும் வராததுமா என்ன எறக்கிடாத. கொஞ்சம் நின்னு சுத்தி பாத்துட்டு எறங்கறேன்.”

“அது வெறும் சூடு மல்லிகா. எஞ்சின் கெட்டுப்பூடும்.”

“ஒரு பொணத்துக்கு ஒரு தபா கெட்டா இன்னா, குறைஞ்சா பூடும்?”

எனக்குக் கோபம் வந்தது. சாவைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறாளே என்ற கோபம். அப்புறம் சரி என்றேன். பட்டறையில் மாட்டாமல் மீந்திருந்த நீள மூக்கு பிளக் மூன்றைக் கொண்டுவந்து அவள் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேச மூச்சு போதாத நாட்களிலும் அந்த அலமாரியைக் கண்ணால் காட்டி, “கீதா?” என்பாள். “கீது” என்பேன்.

அவள் போனது ஒரு காலை வேளையில். மதியம் வண்டி வந்தது. மூன்று பிளக்கையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பொண்டாட்டி கூடத்தில் கிடக்க இவன் எஞ்சினைக் குடைகிறானே என்று பார்த்தார்கள், பார்க்கட்டும். சீட்டைத் தூக்கினேன். அனல் அடித்தது. வேறொரு சாவை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தான் தாஸ். கொதிக்கிற எஞ்சினில் பிளக்கைத் திருகினால் மரை உரியும். உரிந்தால் அவளை ஏற்றிய வண்டி இடத்தைவிட்டு நகராது. ஆறட்டும் என்று காத்திருந்தேன். மேளம் ஆரம்பித்துவிட்டது, பூ வந்துவிட்டது, பெரியவர்கள் நேரம் ஆகிறது என்றார்கள். என் மகள் கவிதா வந்து கையைப் பிடித்து, “வாப்பா” என்றாள். தொட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டை இறக்கிவிட்டேன். அந்த நேரத்தில் காதர் பாயையும் அவர் முறையையும் நான் வெறுத்தேன்.

கவிதாவைத் தெரு முனையில் நிறுத்தினார்கள். வண்டி ஊர்ந்தது. அன்று கூட்டம் அதிகம், அசைய இடமில்லை. தாஸ் உறுமவிடும்போதெல்லாம் கரும்புகை வந்தது. ஒரு சிலிண்டர் எரியாமல் திக்குவது எனக்குக் கேட்டது. பிளக் கரி கட்டிவிட்டது, வழியில் நின்றாலும் நிற்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். எப்படியோ மூலக்கொத்தளம் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். தாஸ் சாவியை அணைத்தான்.

எஞ்சின் ஓடியது.

தாஸ் சாவியை உருவி, நான் பார்க்கும்படி ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினான். பழைய உதறல் இல்லை. திக்கலும் இல்லை. புகையும் இல்லை. நிதானமாக, ஒரே சீராக, தூங்குகிறவர்கள் மூச்சு விடுவது மாதிரி ஓடியது. மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள். கியரைப் போடட்டுமா என்று தாஸ் கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன். போய் வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்தேன். அந்த மூன்று பிளக்கும் என் சட்டைப் பையில் கனத்தன.

“மல்லிகா, இதான் கேட்டு” என்றேன். “துருப்புடிச்சு கீது. உள்ள நொழைஞ்சா ஒரு வேப்பமரம். அதுக்கு அந்தாண்ட சமாதிங்க, கொஞ்சம் பூ காஞ்சு கெடக்குது. ரெண்டு ஆடு மேயுது. சுவத்துக்குப் பின்னால ரயிலு போவுது, கேக்குதா? அவ்ளோதான் கீது. நாங்க இத்தினி நாளு உங்ககிட்ட மறைச்சு வச்சதெல்லாம் இதான். வேற ஒண்ணுமே இல்ல.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்துக்கினியா? எறங்கு.”

நின்றது.

காரியம் முடிந்த மறுநாள் தாஸ் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அதைப் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டமாட்டேன் என்றான். அதற்கிடையில் அந்த வண்டியை யாரும் எடுத்திருக்கவில்லை. முறைப்படி மண்ணை ஊதி, வரிசை மாறாமல் கழற்றினேன். மூன்றும் கறுப்பு. மேலே காய்ந்த கரி, அடியில் இன்னும் பிசுபிசுப்பு. கனன்ற பிளக்கில் கரி நிற்காது. இவை கனலவே இல்லை. சாவி போட்டுப் பொறி கொடுத்தால்கூட இவை ஒழுங்காகப் பற்றவைக்குமா என்பது சந்தேகம். உள்ளே எங்காவது ஒரு கரிக்கட்டி கனன்றிருக்கலாம், வால்வின் ஓரம் சிவந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எஞ்சினின் தலையைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஸ்பானரைக் கையில் எடுத்தேன், பிறகு கீழே வைத்துவிட்டேன். பிளக்குகளைத் துடைக்காமல் துணியில் சுருட்டிக்கொண்டு காதர் பாய் வீட்டுக்குப் போனேன்.

பட்டறையை விட்டு அவர் வீட்டோடு இருந்த காலம் அது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவருடைய கைக்குட்டையை விரித்து மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

“எந்த வண்டில கழட்டினது?” என்றார்.

“மல்லிகா போன வண்டி பாய். கேட்டாண்ட சாவிய எடுத்தப்பறம் ஓடிச்சு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஓடிச்சு.”

முதல் பிளக்கை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். உருட்டினார், முகர்ந்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை வெகுநேரம் பார்த்தார். பார்வை மங்கியதால் இல்லை, எனக்குத் தெரியும். வெளுத்த பிளக்கைப் பார்த்த அன்று உடனே வாயைத் திறந்தவர் இன்று அப்படியே உள்ளே போனார். ரேடியோ நின்றது.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்தார். முதல் பிளக்கைத் துடைத்தார். நான் பதறி, “பாய்!” என்றேன். அவர் நிமிரவில்லை. இரண்டாவதையும் துடைத்தார். மூன்றாவதைப் பீங்கான் வெள்ளையாகத் தெரியும்வரை அழுத்தித் துடைத்தார். மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

“வூட்டுக்குப் போ, ஏயுமல” என்றார்.

கைக்குட்டை கறுப்பாகியிருந்தது. அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.